ஆகாயத்துப் பிளாஸ்க்

'ஒரே சாவி' பார்க்காதவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, பரிதாபம்தான். நாலு பையன்கள், கோலாலம்பூரில் பழைய அடுக்குமாடி ஒன்று, அதில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. இன்னொன்று அடிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இதுதான் மொத்தக் கதையும். இதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சீசன் ஓட்டினார்கள். டிவியில் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் நானும் ருமைசாவும் இன்னும் முடிக்கவில்லை. முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை பார்ப்போம், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் போனில் சண்டை போடுவோம்.

ருமைசா சிரம்பான்காரி. அவளுடைய அப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலேஜில் முதல் நாள் என் போன் கவரில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஓடி வந்து கையைப் பிடித்தவள். ஸ்டிக்கரில் இருந்தது ஒரு பிளாஸ்க். அந்தப் பிளாஸ்க்தான் இந்தக் கதையே, அதனால் கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில், டிவி நாடகங்களுக்குக் கீழே ஓடுகிற எழுத்துகளைப் போடும் கம்பெனியில். இத்தனை வருடம் டிவி பார்த்துக் கெட்டுப்போகிறேன் என்று திட்டு வாங்கிய எனக்கு, டிவி பார்க்கச் சம்பளம். ருமைசாவுக்கு அதே பக்கத்தில் வேறொரு ஆபீஸ். அவளே ஒரு அடுக்குமாடி வீட்டைப் பிடித்துவிட்டாள். அவள், கோலா கிளாவாங்கிலிருந்து வரும் திலகா, நான். மூன்றாவது ஆள் நான்தான் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு நீலாயிலிருந்து ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் அதற்கும் வேண்டாம். நாங்கள் குடியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். அங்கிருந்து மோட்டாரில் சிரம்பான் போய், ரயில் பிடித்து, மறுபடியும் பஸ் பிடித்து வேலைக்குப் போ என்பது அவருடைய யோசனை. சில நாள் வேலை முடிய இரவு பத்து மணியாகும் என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவிடம் போனால், அம்மாவைக் கேள் என்பார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் அசராமல் லாரி ஓட்டுகிற மனிதர், அம்மா முன்னால் மட்டும் எப்போதும் முதல் கியரில்தான் போவார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவை 'ஒரே சாவி' பார்க்க வைப்பது. ஒரே ஒரு எபிசோட் போதும். நாலு பேர் சேர்ந்து இருப்பது எவ்வளவு கலகலப்பானது, எவ்வளவு பத்திரமானது என்று அவரே தெரிந்துகொள்வார்.

எந்த எபிசோட் என்பதில் எனக்கும் ருமைசாவுக்கும் பெரிய விவாதம். தீபாவளி எபிசோடைக் காட்டு, எல்லாரும் சேர்ந்து முறுக்குப் பிழிகிறார்கள், அம்மாக்களுக்குப் பிடிக்கும் என்றாள் அவள். எனக்கு அது ஒத்துவரவில்லை. முறுக்கு எபிசோட் நல்ல எபிசோட், அவ்வளவுதான். உன்னதம் என்றால் அது 'படிக்கட்டில் ஞாயிறு' மட்டும்தான்.

"அதுல அவனுங்க பூரா நேரமும் வெளியலா நிக்கிறானுங்க" என்றாள் ருமைசா.

அவள் சொன்னதை அப்போது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த எபிசோடை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நாலு பையன்களுக்கும் பட்டப்பெயர்தான்: லாயர், பேபி, வாத்தி, மீசை. லாயர் இடுப்பில் துண்டோடு குப்பை கொட்டப் போகிறான், கதவு தானாக அடைத்துக்கொள்கிறது. பேபி ஓட்டப் பயிற்சி முடிந்து வெறுங்கையோடு வருகிறான். வாத்தி பேட்மிண்டன் மட்டையோடு வருகிறான். சாவி மீசையிடம் இருக்கிறது, மீசையைக் காணவில்லை. மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சண்டை போடுகிறார்கள். கடைசியில் மீசை வருகிறான், "ஏன்டா எல்லாரும் வெளிய ஒக்காந்திருக்கீங்க" என்று கேட்டுவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். சாவி அவன் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. யாருமே பார்க்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து சாவியை எங்கே விட்டோம் என்று யோசிக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும் மனுஷனுக்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டேன். அம்மா தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறவர். அடுத்த வாரத்துச் சம்பலுக்கு மடியில் ஒரு தட்டு நெத்திலியை வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவும் வந்துவிட்டார். வராமல் இருக்க முடியாது, ஏனென்றால் நாங்கள் பார்ப்பது அவர் வீட்டு வைஃபையில்தான். அவர் வீட்டு அரிசி மூட்டை எங்கள் லாரியில் வரும், எங்கள் வீட்டுச் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும், வைஃபை சுவரைத் தாண்டி வரும். வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாமே இப்படித்தான். வீட்டைப் பூட்டினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவோம். சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், என்ன சண்டை என்று கேட்பார்கள்.

அம்மா சிரித்தார். நான் டிவியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். லாயரின் துண்டு நழுவியபோது சிரித்தார். மீசை வந்து உட்கார்ந்தபோது நெத்திலி வாடை அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தனலெட்சுமி அக்கா, கழுத்துல பாருடா பாருடா என்று டிவியோடு பேசிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"திரும்பப் போடு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுக்களைக்குள் ஓடி ருமைசாவுக்குச் செய்தி அனுப்பினேன், அம்மா நம்ம கட்சி. அவள் நடனமாடும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாவது முறை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. நெத்திலித் தட்டு மடியிலேயே இருந்தது, கை மட்டும் ஓடவில்லை. முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார். இந்த முறை நடுவில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"எதுத்த வூடு யாரோடது?"

"எந்த வூடு மா?"

"படிக்கு நேரா இருக்குல்ல, பச்சக் கதவு. வெளிய கிரில் போட்டது."

அது யாருடையதும் இல்லை, அது செட், அட்டையும் பலகையும் என்றேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"மூணு புள்ளைங்க ஒரு நாப்பூரா வாசல்ல குந்தியிருக்குதுங்க. ஒருத்தன் துண்டோட குந்தியிருக்கான். அந்தக் கதவு ஒரு தடவ தொறந்துச்சா? என்னாப்பா வேணும், தண்ணி குடிக்கிறியான்னு ஒரு வார்த்த? இதுக்கா நீ சிரிக்கிற?"

நான் தனலெட்சுமி அக்காவைப் பார்த்தேன். ஆமாலா என்பதுபோல் அவர் தலையாட்டினார். அத்தனை முறை பார்த்திருக்கிறேன், அந்தக் கதவு என் கண்ணில் பட்டதே இல்லை.

"அந்த மாரி எடத்துக்குத்தான் நீ போறேங்குற" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இத்தனை நாள் காரணமே இல்லாமல் வேண்டாம் என்றவருக்கு, நானே தேடிப்பிடித்து, அழகான படமாக, ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ருமைசாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முறுக்கு எபிசோட் என்று சொன்னேன்ல என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நீலாய்க்காரியிடம் சொல்லிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றேன், ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என்னைச் சிரிக்க வைக்க நினைத்தாளோ என்னவோ, ஆகாயத்துப் பிளாஸ்கை அம்மா கண்டுபிடித்தார்களா என்று கேட்டாள்.

இப்போது பிளாஸ்க். எபிசோட் தொடங்கும்போது அந்தப் படிக்கட்டில் எதுவுமே கிடையாது. விளம்பரம் முடிந்து அடுத்த காட்சி வரும்போது பேபிக்கும் வாத்திக்கும் நடுவில் ஒரு பிளாஸ்க் நிற்கும். மூடியில் லாயர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். யார் கொண்டுவந்தது, எங்கிருந்து வந்தது, ஒரு வசனமும் கிடையாது. படம் எடுத்தவர்கள் யாரோ குடித்துவிட்டு மறந்து வைத்துவிட்டார்கள் என்று ரசிகர் குழுவில் வருடக்கணக்காகக் கேலி. ஆகாயத்திலிருந்து விழுந்த பிளாஸ்க். அதைத்தான் நான் போன் கவரில் ஒட்டிக்கொண்டு திரிகிறேன்.

ருமைசா பேசிக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பாதியில் நிறுத்திவிட்டு எபிசோடைப் போட்டேன். துளித்துளியாக நிறுத்தி நிறுத்தி, பையன்களைப் பார்க்காமல், அவர்களுக்கு எதிரே இருந்த பச்சைக் கதவை மட்டும் பார்த்தேன். முதல் பாதியில் கிரில் ஒட்ட மூடியிருக்கிறது, பூட்டுத் தொங்குகிறது. விளம்பரத்துக்கு அப்புறம், வாத்தி எழுந்து சோம்பல் முறிக்கிறான், அவன் கை விலகுகிற அந்த ஒரு நொடியில் கிரில் தெரிகிறது. பூட்டு இல்லை. கிரில் ஒரு கையளவு திறந்திருக்கிறது.

போனைத் தூக்கிக்கொண்டு சிலிப்பர்கூடப் போடாமல் ஓடினேன். அம்மா தனலெட்சுமி அக்கா வீட்டுப் பின்கட்டில் இருந்தார். அப்பாவும் லாரியைக் கழுவிவிட்டு அங்கேயே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் முன்னாலும் போனை நீட்டினேன். கதவு திறந்தது, நாம் பார்க்காதபோது திறந்தது, தேத்தண்ணி அங்கிருந்துதான் வந்தது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அம்மா ஒரு வக்கீலைப்போல் ஆரம்பித்தார். பையன்களே பிளாஸ்கைக் கொண்டுவந்திருக்கலாமே என்றார். லாயர் துண்டோடு வந்தான், பேபி வெறுங்கை, வாத்தியிடம் மட்டை மட்டும் என்று ஒவ்வொருவனாக நிறுத்திக் காட்டினேன். கடையில் வாங்கியிருக்கலாமே என்றார். யாரிடமும் காசுப்பை இல்லை, அதைப் பற்றியே ஒரு சண்டைக் காட்சி இருக்கிறது என்றேன். போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டில் அவர் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். அம்மாவுக்கு எதிராகக் கருத்துச் சொன்னார்.

"பிளாஸ்க்கப் பாரு மங்கம்மா. ரோசாப்பூப் போட்டிருக்கு. பூப் போட்ட பிளாஸ்க் எந்தப் பயலுங்க வூட்டுலலா இருக்கும்? அது ஒரு பொம்பள வூட்டு சாமான்."

என் அப்பா. ரசிகர் குழுவில் இத்தனை ஆயிரம் பேர், ஒருவருக்கும் அந்தப் பூ தோன்றவில்லை.

அம்மா பூவையே பார்த்தார். கொடுத்திருந்தால் ஏன் அந்த அம்மாவைக் காட்டவில்லை என்று கேட்டார், ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. பதிலைத் தனலெட்சுமி அக்கா சொன்னார்.

"தெனைக்கும் நான் ஒனக்கு சாவி எடுத்துக் குடுக்கறேன். அத எவனாச்சும் படம் புடிச்சானா? இதெல்லாம் எவன் காட்டுவான்."

அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அது டிவிக் கதவு" என்றார் கடைசியில். "நெசக் கதவப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டி, சாவியைத் தனலெட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பழைய நாலு கதவுக் காடியில் கிளம்பினோம். அம்மா வழிக்கு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி எடுத்துக்கொண்டார். நீலப் பிளாஸ்க், பூ இல்லை. வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன், யாரும் கேட்கவில்லை.

அடுக்குமாடி பழசுதான். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மாடியிலும் நின்று, இரண்டு பக்கமும் இருந்த கதவுகளைப் பார்த்துப் பார்த்து ஏறினார். மேலே போனால் எங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி ருமைசாவிடம். ருமைசாவைக் காணோம். கூப்பிட்டேன். ரயிலில் தூங்கிவிட்டாளாம், ஸ்டேஷனைத் தாண்டி எங்கேயோ போய்விட்டாளாம், திரும்பி வந்துகொண்டிருக்கிறாளாம்.

அதனால் நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அம்மா ஒரு படியில், அப்பா ஒரு படியில், நான் ஒரு படியில். எதிரே ஒரு வீடு. மரக்கதவு மூடியிருந்தது, வெளியே கிரில், கிரிலில் பூட்டு. கதவு பச்சை இல்லை, பழுப்பு. அந்த ஒரு வித்தியாசம் தவிர நான் அந்த எபிசோடுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பேன்.

அப்பா எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டி, பாத்ரூம் எங்கே என்று கேட்கப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தட்டாதீங்க. தானா தொறக்குதான்னு பாப்போம்."

என் வேலை, என் வீடு, ருமைசா, திலகா, எல்லாம் இப்போது முன்பின் தெரியாத ஒருவருடைய கதவில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் இருக்கிறது, பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. நான் இருமினேன். தண்ணீர்ப் போத்தலைக் கீழே தவறவிட்டேன். அது டமடமவென்று மூன்றாவது மாடி வரை போயிற்று. போய் எடுத்துக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே காலைத் தட்டித் தட்டி ஏறி வந்தேன். அப்பாவும் எனக்குத் துணையாகத் தொண்டையைக் கனைத்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கதவு அசையவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் படத்தையாவது போடு என்று அம்மாவே சொன்னார். போட்டேன். மூன்று தலையும் ஒரு போனுக்கு மேலே. அந்தப் படிக்கட்டில் சத்தம் சுவரில் மோதி மோதிப் பெரிதாயிற்று, போனில் சிரிக்கிற கூட்டம் நாலு மாடியிலும் சிரிப்பதுபோல் கேட்டது. பிளாஸ்க் வந்ததும் அப்பா பெருமையாகப் பூவைத் தொட்டுக் காட்டினார். மீசை வந்து, ஏன்டா எல்லாரும் வெளியே என்றதும், அம்மாவால் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம்.

எதிர்க் கதவு படாரென்று திறந்தது.

ஒரு சீன ஆண்ட்டி. தலையில் முடி சுருட்டும் ரோலர்கள், கையில் கரண்டி. கிரிலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு மலாயில் பொரிந்தார். பேரன் இப்போதுதான் தூங்கினான், இது என்ன வீடா சந்தையா, யாரைப் பார்க்க வந்தீர்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். சாவிக்குக் காத்திருக்கிறோம் என்று அப்பா பூட்டியிருந்த எங்கள் வீட்டுக் கதவைக் காட்டினார். ஆண்ட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

நான் அம்மாவின் காதில் குசுகுசுத்தேன்.

"தொறந்துச்சுல்ல மா."

"திட்டறதுக்குத் தொறந்துச்சு."

"எதுக்குத் தொறந்தா என்னா? தொறந்தது தொறந்ததுதான்லா" என்றார் அப்பா. இரண்டு நாளில் இரண்டாவது தடவை எதிர்க் கருத்து. மனிதர் நாலாவது கியருக்குப் போய்விட்டார். அம்மா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பூட்டுச் சத்தம் கேட்டது.

இந்த முறை கிரில் திறந்தது. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் முதலில் வெளியே வந்தது, அதற்குப் பின்னால் ஆண்ட்டி. ஸ்டூலை அம்மா பக்கம் காலாலேயே தள்ளி, அம்மாவின் முழங்காலைக் காட்டி, உட்கார் என்று கையசைத்தார். படியில் உட்காராதே, குளிர்ச்சி, இன்னும் வலிக்கும் என்றார். பிறகு என் போனைக் கரண்டியால் சுட்டி, அப்படி என்னதான் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அம்மாவின் மலாய் பாசார் மலாய். மீன் பேரம் பேசுவதற்கு உண்டான மலாய். அதை வைத்துக்கொண்டு அவர் 'படிக்கட்டில் ஞாயிறு' கதையை முழுக்கச் சொன்னார். நாலு பையன், ஒரு வீடு, ஒரு சாவி, ஒருத்தனுக்குத் துண்டு மட்டும். நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. சொல்லிக்கொண்டே நீலப் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி ஆண்ட்டியிடம் நீட்டினார். ஆண்ட்டி வாசல்படியிலேயே குந்திக்கொண்டு வாங்கிக் குடித்தார். மீசை வரும் காட்சியை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். வசனம் ஒன்றும் புரியாமல் பார்த்தவர், கழுத்தில் சாவியைக் கண்டதும் கரண்டி பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி வரும் சத்தம். ருமைசா. முகமெல்லாம் வேர்வை, தலையை மூடிய தூடுங் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்து நின்றாள், கஷ்டப்பட்டு மூச்சைப் பிடித்தாள், முகத்தை மீசை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"ஏன் எல்லாரும் வெளிய ஒக்காந்திருக்கீங்க?"

கழுத்தில் சிவப்புக் கயிறு, கயிற்றில் மூன்று சாவி. எனக்காகப் போட்டுக்கொண்டு வந்தாளாம், ரயிலில் ஏறும்போதே. நாங்கள் சிரித்தது இருக்கட்டும், ஆண்ட்டி சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பேரன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். ஆண்ட்டி எழுந்து ஓடினார். கிரிலை மூட மறந்துவிட்டார்.

வீட்டுக்குள் போய் அம்மா குழாயைத் திறந்து பார்த்தார், பாத்ரூம் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், ஜன்னலில் நின்று கீழே பார்த்தார். ருமைசாவிடம் எனக்கு எந்தக் கட்டில் என்று கேட்டார். அவள் காட்டினாள். நான் அவளுடைய கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா மேசைமேல் இருந்த சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்குப் புரிவதற்குள் அவர் எதிர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஆண்ட்டியிடம் அந்தச் சாவியை நீட்டினார். ருமைசா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். சாவியை வெளி ஆள் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. ஊர் பேர் தெரியாத ஒருவரிடம், பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம், மூன்று பெண்கள் இருக்கப்போகிற வீட்டுச் சாவியை அம்மா நெத்திலிப் பொட்டலம் கொடுப்பதுபோல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆண்ட்டியே பின்வாங்கினார். வேண்டாம் வேண்டாம், ஏதாவது காணாமல் போனால் என் தலையில் விழும் என்றார். அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாவி இப்போதுகூடப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, வேறு எங்கே வைப்பது என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே அது விளங்கவில்லை என்று குரலில் தெரிந்தது. ஆண்ட்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ருமைசாவைப் பார்த்தார். இதில் யார் உன் பிள்ளை என்று கேட்டார்.

மூன்றும் என் பிள்ளைதான், ஒருத்தி இன்னும் வரவில்லை என்றார் அம்மா.

பேரன் எட்டிச் சாவியைப் பிடுங்கி வாயில் வைத்தான். ஆண்ட்டி அதை அவன் வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு விரலை நீட்டி, எங்களைப் பார்த்து, தெளிவாக, ஒரு நிபந்தனை சொன்னார். அவர் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார். அதற்குப் பிறகு யார் வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்.

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் தைப்பூசத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"கேட்டியா மோகனா? ஒம்போது மணி. அதுக்குள்ள வூடு வந்து சேரணும், ஆண்ட்டி சொல்லிட்டாங்க."

எனக்குப் பத்து மணி வேலை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். ருமைசா மறுபடியும் கிள்ளினாள், இந்த முறை பலமாக. சரி மா என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

காடியில் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் அம்மாவின் மடியில் பிளாஸ்க் இல்லை என்பதைப் பார்த்தேன். மறந்துவிட்டார் என்று நினைத்து, திரும்பிப் போகலாமா என்று கேட்டேன்.

"ஆண்ட்டி வூட்டுலதான் வெச்சிட்டு வந்தேன்" என்றார் அம்மா. "இருக்கட்டும். அடுத்த தடவ போறப்ப எடுத்துக்கறேன்."